ஃபார்மோசஸா, ரோசியோகேனஸா? மழையில் நனைந்த சான்டரெல்லைப் பிரித்தறிய உதவி வேண்டும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரைக் காடுகளில் சான்டரெல் காளான் பறிப்பவர்கள், அதைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கேந்தரெல்லஸ் ஃபார்மோசஸ் (1999 முதல் ஓரிகனின் மாநிலக் காளான்), கேந்தரெல்லஸ் ரோசியோகேனஸ் என்ற இரண்டு சான்டரெல் இனங்களும் அங்கே உண்டு. இளசாக, மழையில் நனையாத நிலையில் கிடைத்தால் சிக்கல் இல்லை. ஃபார்மோசஸின் குடைமேல் மெல்லிய பழுப்புச் செதில்கள் இருக்கும். அடிமடிப்புகள் குடையைவிட வெளிறியோ இளஞ்சிவப்பு கலந்தோ தெரியும். ரோசியோகேனஸில் செதில் கிடையாது. குடை விளிம்பில் ரோஜா நிறப் பூச்சு இருக்கும், மடிப்புகள் குடையைவிட அழுத்தமான ஆரஞ்சு மஞ்சள்.

மழைக்குப் பிறகுதான் குழப்பம். செதில் மங்கிவிடுகிறது, ரோஜாப் பூச்சு கழுவிப்போகிறது, குடையும் வெளுத்துவிடுகிறது. அந்த நிலையில் மடிப்பின் நிறத்தை மட்டும் நம்பலாமா?

மரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்பார்கள்: ரோசியோகேனஸ் பெரும்பாலும் சிட்கா ஸ்ப்ரூஸ் அடியில், ஃபார்மோசஸ் டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் அடியில். ஆனால் கரையோரத்தில் ஸ்ப்ரூஸும் ஹெம்லாக்கும் கலந்தே நிற்கின்றன. காளான் மண்ணுக்கடியில் ஒட்டி வளரும் வேர் எந்த மரத்தினுடையது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது.

படம் போடுபவர்கள் குடை, அடிப்பக்கம், நெடுக்காக வெட்டிய தண்டு மூன்றையும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், மஞ்சள் நிறம் மாறிவிடும். பக்கத்து மரத்தின் ஊசியிலையும் தேவை: சிட்கா ஸ்ப்ரூஸ் இலை கையில் குத்தும், டக்ளஸ் ஃபிர் குத்தாது.

குடையின் அடியில் மடிப்புகளுக்குப் பதிலாக மெல்லிய, பிரித்தெடுக்கக்கூடிய செவுள்கள் (தகடு போன்ற இதழ்கள்) இருந்தால் அது சான்டரெல்லே இல்லை, சமைக்காதீர்கள்.

டிஎன்ஏ சோதனை இல்லாமல், நனைந்த காளானில் நம்பத்தக்க வேறு அடையாளம் என்ன பார்க்கிறீர்கள்?