இலங்கை மலையகத்து லைப்ரரிக் கதைகள்: உங்களிடமும் ஒன்று இருக்குமே

மேட்டுலயத்தான்:
லைப்ரரி என்றால் எல்லோரும் எடுத்து வாசித்த புத்தகத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். உள்ளே போவதற்குப் பட்ட பாட்டை யாரும் சொல்வதில்லை. நான் என் கதையைப் போடுகிறேன், பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள்.

1994இல் எனக்கு 13 வயது. டவுன் லைப்ரரியில் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்து பெயர், விலாசம், பாடசாலை எல்லாம் அழகாக எழுதிவிட்டேன். கடைசியில் 'பிணையாளர்' என்று ஒரு கட்டம். நகர சபை எல்லைக்குள் மதிப்பீட்டு வரி கட்டுகிற ஒருவர் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, எல்லைக்கு வெளியே. உள்ளே இருந்திருந்தாலும் பயனில்லை, நாங்கள் இருந்த காம்பரா (லயத்து அறை) தோட்டத்துக்குச் சொந்தம். அப்பா பிறந்ததும் வளர்ந்ததும் அந்த லயத்தில்தான், ஆனால் வரி கட்ட ஒரு சுவர்கூட அவர் பெயரில் கிடையாது.

அப்பா என்னைப் பலசரக்குக் கடைக்குக் கூட்டிப்போனார். கொப்பியில் எழுதிச் சாமான் வாங்கி, சம்பளத்தன்று கணக்குத் தீர்க்கிற கடை. முதலாளி கண்ணாடியைப் போட்டுப் படிவத்தை இரண்டு தடவை வாசித்தார். "அரிசி பருப்புக்கு ஒன்னை நம்புறேன். புள்ள புத்தகத்தைத் தொலைச்சா என் வாசலுக்குல்ல வருவாங்க?" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை முட்டியது. ஒரு ஆள் வந்து தேங்காயெண்ணெய் வாங்கிப் போகிற வரைக்கும் முதலாளி பேசவே இல்லை. அப்புறம் பேனையை எடுத்தார்.

"எத்தனை புத்தகம் தருவாங்க?"

"ரெண்டு, முதலாளி."

"அப்ப ஒண்ணு எனக்கு. துப்பறியும் கதையாப் பாத்து எடுத்துட்டு வா."

லைப்ரரி அவர் கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் கல்லாவை விட்டு எழுந்து போக அவருக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. நான்கு வருடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாட்டிக்கொண்டதும் உண்டு. திருப்பிக் கொடுத்த புத்தகத்தை லைப்ரரி மிஸ் ஒருநாள் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "தம்பி, ஒங்க வீட்ல தெனமும் கருவாடா?" முதலாளி தராசுக்குப் பக்கத்தில், கருவாட்டுச் சாக்கின் மேல் விரித்து வைத்துத்தான் வாசிப்பார். கொலைகாரன் யார் என்று தெரிகிற பக்கத்தில் ஒரு மைசூர்ப் பருப்பு நசுங்கிக் கிடந்தது. மிஸ் என் படிவத்தைத் தேடியெடுத்துப் பிணையாளர் பெயரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, முத்திரையைக் குத்தினார். அடுத்த முறை போனபோது மேசை ஓரத்தில் ஒரு துப்பறியும் கதை எடுத்து வைத்திருந்தது.

தண்டப்பணம் கட்டியது ஒரே ஒரு தடவை. அம்மை போட்டுப் படுத்திருந்தேன். லைப்ரரி அனுப்பிய ஞாபகமூட்டல் அட்டை தோட்டத்து ஆபிசில் கிடந்திருக்கிறது. லயத்தில் யாருக்கும் தனி விலாசம் இல்லையே. கடிதமெல்லாம் ஆபிசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நான் புத்தகத்தைக் கொடுத்து ஒன்றரை மாதம் கழித்து அந்த அட்டை கைக்கு வந்தது. எனக்குப் போனது சில்லறைதான். நேர்முகப் பரீட்சைக் கடிதமே இப்படிப் பிந்தி வந்து வேலையைக் கோட்டை விட்டவர்கள் எங்கள் டிவிஷனில் இருக்கிறார்கள்.

மழைக்கோட்டு:
நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். பிரதேச சபை நூலகம் ஒன்றில் 11 வருடம் உதவியாளர்.

எங்கள் நூலகத்தில் அட்டை மூன்று வகை. அங்கத்துவ அட்டை, புத்தக அட்டை, காலில் ஏறுகிற அட்டை. மூன்றாவதுக்குப் பிணையாளர் தேவையில்லை. மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் நசநசப்புதான். தேயிலை மலைக்குள் குறுக்குப்பாதையில் இறங்கி வருகிற பிள்ளைகள் வாசலில் நின்று விரலிடுக்கு எல்லாம் பார்ப்பார்கள். அவர்களுக்காக ஒரு போத்தலில் உப்பு வைத்திருப்பேன். உப்புக்கு சபையில் பில் போட முடியுமா? சொந்தக் காசுதான். ஒருநாள் ஒரு பெரியவர் வீரகேசரி வாசித்துவிட்டு எழுந்து போகிறார், கதிரைக்கு அடியில் இரத்தம். பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். அவருக்குக் கடித்ததே தெரியாது. "குடிச்சிட்டுப் போகட்டும் விடுங்க தம்பி, பேப்பர் ஓசியில பாத்தேன்ல" என்றார்.

புத்தகத்துக்கு எமன் பூஞ்சணம். மழைக்காலத்தில் மூன்று வாரம் ஒரு அலுமாரியைத் திறக்காவிட்டால் தோல் கட்டிய அட்டையெல்லாம் வெள்ளை பூத்துவிடும். ஜனவரி, பெப்ரவரியில் வெயில் வரும்போது திண்ணையில் படங்கு விரித்துக் காய வைப்போம். வெயில் நேரே படக்கூடாது, தாள் முறிந்துவிடும். ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை வைக்கச் சொல்வார்கள். இந்தக் குளிரில் வேப்பமரத்துக்கு எங்கே போவது? வவுனியாவிலிருந்து வெங்காயம் ஏற்றி வருகிற லொறிக்காரர் ஒரு பை கொண்டுவந்து தருவார். அவர் அங்கத்தவர்கூட இல்லை.

காய வைக்கிற நாளில்தான் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். சம்பளத் துண்டு, லொத்தர் சீட்டு, பாதி தின்ற குளிசைப் பட்டை, "மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதிய ஒரு கடதாசி. அந்தக் கடதாசியை யாருக்கு எழுதினார்கள் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. மேல் டிவிஷன் பிள்ளை மடுவத்தில் (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஒரு பெட்டி சிறுவர் புத்தகம் வைக்கலாமா என்று கேட்டேன். மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பொய் இல்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு அப்படித்தான் கையைக் கட்டியிருந்தது. ரோட்டும் தண்ணியும் கேட்டுப் போனவர்களுக்கும் அதே பதில்தான். வாக்குப் போட மட்டும் தோட்டம் சபைக்குள் வரும். 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போது நான் அந்த வேலையில் இல்லை. பெட்டி போனதா என்று கேட்டுப் பார்க்கவும் மனம் வரவில்லை.

கொழுந்துக்கூடை:
சின்னக் கதை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரசாங்க வர்த்தமானி பார்க்கப் போகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. வேலை வெற்றிடம் பார்க்கத்தான். கதையே வாசிக்காமல் வாசிகசாலையில் வயதைக் கழித்தவர்கள் நாங்கள்!

2021இல் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்த நேரம். கம்பளியும் கூடையுமாக ஒரு அம்மா நேரே உள்ளே வந்து, "அந்த ஆயிரம் ரூவாப் பேப்பரு இங்கன இருக்குன்னாங்களே" என்றார். நூலகர் போனில் எடுத்துக் கொடுத்தார், நான் வாசித்தேன். அடிப்படைச் சம்பளம் 900, வரவு செலவுத் திட்டப் படி 100. அம்மா விரலை மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி புள்ள, எத்தனை கிலோ கொழுந்து எடுக்கணும்னு போட்டிருக்கா?" மேலும் கீழும் தேடினேன். நான் தேடிய மட்டில் கிலோவைப் பற்றி ஒரு வரி இல்லை.

"அப்ப அதை அவங்கதான் சொல்லுவாங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டார்.

ஊவாக்காரி:
எங்கள் நூலகர் சிங்களவர், தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இடம் மாறி இருக்காது. டூயி தசம வகுப்பில், அதாவது பொருளுக்கு ஒரு எண் கொடுத்துப் புத்தகம் அடுக்கும் முறையில், சிங்கள இலக்கியம் 891.48, தமிழ் இலக்கியம் 894.811. அவர் புத்தக முதுகில் ஒட்டிய எண்ணை மட்டும் பார்த்து அடுக்குவார். ஒரே ஒரு பிரச்சினை, எண் சீட்டு உரிந்துபோன புத்தகத்தைச் சில நேரம் தலைகீழாக வைத்துவிடுவார். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சத்தமில்லாமல் திருப்பி வைப்போம்.

ஒருநாள் கண்டுவிட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். "நங்கி (தங்கச்சி), இதில் எது தலை, எது கால்?" என்று கேட்டார். 'அ'வைக் காட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு தினம் ஒரு எழுத்து. 'ழ'வில் நின்றுவிட்டார். அந்த எழுத்தை எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேருக்குச் சொல்ல வராது, அவரை என்ன சொல்ல?

புதுசு:
எல்லாவற்றையும் வாசித்தேன், நன்றி. மகளுக்கு டவுன் லைப்ரரியில் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன், நாங்களும் லயம்தான். பிணையாளர் இன்னமும் வேண்டுமா?

மேட்டுலயத்தான்:
சபைக்குச் சபை வித்தியாசம். எங்கள் டவுனில் இன்னும் கேட்கிறார்கள். நீங்கள் சொல்வது எங்கள் டவுன்தான் என்றால் நான் வைக்கிறேன், இப்போது டவுனில் வீடு இருக்கிறது. இந்த வருட வரி இன்னும் கட்டவில்லை, இந்தக் கிழமைக்குள் கட்டிவிடுவேன். சனிக்கிழமை வாருங்கள், போயா (பௌர்ணமி விடுமுறை) விழாத சனியாகப் பார்த்து. மகளையும் கூட்டி வாருங்கள்.

அப்புறம், எத்தனை புத்தகம் தருவார்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.