அப்டேட்: மெடிக்கல் பில்டிங் கண்ணாடி முடிவாயிட்டு
போன மாசம் கேட்டிருந்தேன்ல, நாகர்கோவில் பக்கம் ஒரு யுனிவர்சிட்டி மெடிக்கல் பில்டிங்குக்கு கண்ணாடி சப்ளை, வடக்கு பக்கத்துக்கு சாதா கண்ணாடி போதுமான்னு. போதாது மக்கா. நம்ம ஊரு வடக்கு அட்சரேகை 8 டிகிரியில கெடக்கு, மே ஜூன் ஜூலையில உச்சி வெயிலே வடக்கேருந்து சாஞ்சுதான் அடிக்கும், கட்டிடத்துல கரண்ட் மிச்சம் பண்றதுக்கான இசிபிசி 2017 விதியிலயும் 15 டிகிரிக்கு தெக்க உள்ள ஊருக்கு வடக்கு ஜன்னலுக்கும் எஸ்எச்ஜிசி 0.27 தான், அதாவது வெயில் சூட்டுல 27 சதவீதத்துக்கு மேல உள்ள விடக்கூடாது.

அதனால நாலு பக்கமும் 6-12-6 டபுள் கிளேசிங் (6 மிமீ கண்ணாடி ரெண்டு, நடுவுல 12 மிமீ இடைவெளி), சூட்ட திருப்பி விடுற லோ-ஈ கோட்டிங்கோட. கோட்டிங்ல வெள்ளி இருக்கு, உப்புக்காத்து பட்டா கருத்துரும், ஓரத்துல அத சுரண்டி எடுத்துட்டுதான் சீல் பண்ணணும், இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

நேத்து மாட்டுனத பாக்க போனேன். வெளியேருந்து லைட்டர பத்தவச்சு புடிச்சா ரெண்டு கண்ணாடியோட நாலு முகத்துலயுமா நாலு தீ தெரியும், கோட்டிங் உள்ள முகத்துல மட்டும் நிறம் மாறும், அது வெளியேருந்து ரெண்டாவதா வரணும். ரெண்டு ஜன்னல்ல மூணாவதா வந்துது, உள்வெளி மாத்தி வச்சிருக்காங்க. கழட்டி திருப்பி மாட்டியாச்சு. ஜன்னலோரம் படுக்கப்போறது நோயாளி, மனசு கேக்கல, மிச்சத்தையும் ஒவ்வொண்ணா பாத்துட்டுதான் வந்தேன்.