முந்திரிக்காடும் பாண்டி ரோடும் ஒரே வண்டியில: பிக்கப்புக்கு என்ன டயர் போட்டீங்க, அனுபவம் சொல்லுங்க

முந்திரிக்காடு:

என்னோடது இசுசு வி-கிராஸ், ஆரம்பத்துல வந்த மாடல், கம்பெனி டயர் 245/70 R16 (அகலம் 245 மிமீ, சைடு வால், அதாவது டயரோட பக்கச் சுவர், ஒசரம் அதுல 70 சதவீதம், ரிம் 16 இன்ச்). தோப்பு காடாம்புலியூர் பக்கம், முந்திரியும் கொஞ்சம் பலாவும், வீடு கடலூர் மஞ்சக்குப்பத்துல, சரக்கு விஷயமா பாண்டிக்கு அடிக்கடி போகணும். அதனால வண்டி காலையில செம்மண் சரளையில குலுங்கும், மதியம் நெல்லிக்குப்பம் ரோட்டுல கரும்பு டிராக்டருக்குப் பின்னாடி ஊரும், சாயந்திரம் கன்னியக்கோயில் தாண்டி தார் ரோட்டுல எண்பதுல போகும். இந்த மூணுக்கும் சேர்த்து ஒரே டயர் எதுன்னு தேடினப்ப கெடச்ச அனுபவத்த எழுதுறேன், நீங்களும் உங்களோடத சொல்லுங்க.

பழைய டயர் போனது பட்டன், அதாவது தரையில படுற ரப்பர் கட்டைங்க, தேஞ்சு இல்ல. பக்கத்துக் கொல்லையில சவுக்கு வெட்டினாங்க, நம்ம பக்கம் தெரியும்ல, அருவாள்ல சாய்வா ஒரே போடு போடுவாங்க, மீதி அடிக்கட்டை ஈட்டி மாதிரி நிக்கும், மழை பெஞ்சா மேல புல்லு மூடிடும். ஓரமா திருப்புறப்ப பின் டயரோட சைடு வால்ல நேரா எறங்கிடுச்சு. பட்டன்ல ஆணி ஏறினா பஞ்சர் போட்டுக்கலாம், சைடு வால் கிழிஞ்சா எந்தக் கடைக்காரரும் கைய விரிச்சிடுவார், ஏன்னா ஓடுறப்ப வளைஞ்சு நிமிர்றதே அந்த எடம்தான், அங்க போடுற ஒட்டு நிக்காது. எடுத்துப் பாத்தா உள்ள நூல் எல்லாம் வெளிய வந்து கெடக்குது. அன்னைக்கே முடிவு பண்ணேன், அடுத்த டயர் வாங்குறப்ப பட்டன் டிசைன அப்புறம் பாக்கலாம், மொதல்ல சைடு வால் எப்படின்னு பாக்கணும்.

நண்பர்கள் எல்லாருமே மட் டெரெய்ன், அதாவது சேத்துக்கான எம்டி டயர், போடு போடுன்னாங்க. பாக்க கம்பீரமாத்தான் இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா நம்ம ஊருல அக்டோபர்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் மழை, எம்டில பட்டன் பெருசு பெருசா தள்ளித் தள்ளி இருக்கும், தார் ரோட்டுல பதியிற ரப்பர் கம்மி, ஈரத்துல பிடிப்புக் குடுக்குற மெல்லிசான வெட்டுக் கோடுகளும் கம்மி, அதனால ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா வண்டி நிக்கிற தூரம் கூடும். பாண்டி ரோட்டுல பஸ்ஸுக்கும் டூவீலருக்கும் நடுவுல போறவனுக்கு அது சரிப்படாது. சத்தமும் மைலேஜும் அதுக்கப்புறம் வர்ற பிரச்சனை. அந்தப் பக்கம் தார் ரோட்டுக்கான ஹைவே டெரெய்ன்னு பாத்தா மழைக்கு அருமை, அமைதியா ஓடும், ஆனா பெரும்பாலும் சைடு வால் மெல்லிசு, தோப்புக்குள்ள எனக்குப் பயமா இருக்கும். ஆக ரெண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் (ஏடி), அதுலயும் ரொம்ப முரட்டு ஏடி இல்லாம நடுத்தரமானது.

சைசுல பெரிய வாதமே நடந்துச்சு. 265/70 R16 போட்டா வண்டி தூக்கலா நிக்கும்னு ஒரு கடையில சொன்னாங்க. உக்காந்து கணக்குப் போட்டேன். 245/70 R16-க்கு மொத்த விட்டம் சுமார் 749 மிமீ, 265/70 R16-க்கு 777. வித்தியாசம் 28 மிமீ, அதுல பாதிதான் வண்டி தரையில இருந்து ஒசரும், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர் கூட முழுசா இல்ல. அதுக்கு நாம குடுக்குற விலை என்னன்னா ஸ்பீடோமீட்டர் சுமார் 4 சதவீதம் கொறச்சுக் காட்டும், வண்டி வேகம் எடுக்குறது மந்தமாகும், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா உரச வாய்ப்பிருக்கு, நாள பின்ன இன்சூரன்ஸ் கிளைம்னு போய் நின்னா கேள்வி வரும், ஸ்டெப்னியையும் சேர்த்து அஞ்சு மாத்தணும். ஒன்றரை சென்டிமீட்டருக்காக இவ்வளவு வேணாம்னு கம்பெனி சைசுலயே நின்னுட்டேன்.

கடைசியில யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி, அஞ்சும் ஒரே மாதிரி. அப்பல்லோ ஆப்டெர்ரா, பிரிட்ஜ்ஸ்டோன் டூயலர்னு எல்லாத்தையும் கடையில நிறுத்தி வச்சு சைடு வால அமுக்கிப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். வாங்கறப்ப டயர் ஓரத்துல நாலு எண் இருக்கும், அத கண்டிப்பா படிங்க. 3224-ன்னு இருந்தா 2024-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஒரு கடையில வெல கம்மினு காட்டினது எல்லாம் பழைய சரக்கு, கவர் பிரிக்காததாலயே புதுசுன்னு சொல்ல முடியாது, ரப்பர் சும்மா கெடந்தாலும் வயசாகும். அப்புறம் வெலை விஷயம், முன்ன வாட் இருந்த காலத்துல பாண்டில வாங்கினா லாபம்னு எல்லாரும் கெளம்பிப் போவோம், 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததுல இருந்து வரி ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான், 2025 செப்டம்பர் 22-ல அது 28-ல இருந்து 18 சதவீதமா எறங்கியிருக்கு, அதனால கடைக்காரர் குடுக்குற தள்ளுபடிய மட்டும் பாத்தா போதும்.

போட்டதுக்கு அப்புறம் சரளையில கல்லு சிக்கி டக்கு டக்குன்னு வர்ற சத்தம் இல்ல, மழையில நம்பி ஓட்ட முடியுது. சீமைக்கருவேல முள்ளு மட்டும் எந்த டயரையும் விடாது. டியூப்லெஸ்ல அது உள்ளயே அடைச்சிக்கிட்டு நிக்கிறதால காத்து உடனே போகாது, தினம் ரெண்டு மூணு பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) கொறையும், நாம கவனிக்க மாட்டோம். வாரம் ஒருவாட்டி கேஜ் வச்சுப் பாக்குறதுதான் வழி, கொறஞ்சிருந்தா சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாருங்க, எந்த எடத்துல முட்டை விடுதுன்னு தெரிஞ்சிடும்.

சோனாங்குப்பம் மீன்வண்டி:

அண்ணே நல்லா எழுதியிருக்கீங்க. நான் பொலிரோ பிக்கப், மீனும் ஐஸும் லோடு, விடிகாலையில கரைக்குப் போயி ஏத்திக்கிட்டு நேரா ரோட்டுக்கு ஏறணும். எங்களுக்கு ஏடியா எம்டியாங்கிற பேச்சே வராது, லோடு தாங்குமாங்கிறதுதான் கேள்வி. டயர்ல சைசுக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும்ல, 100-ன்னா ஒரு டயர் 800 கிலோ, 104-ன்னா 900, 108-ன்னா 1000, 112-ன்னா 1120. கமர்ஷியல் டயர்ல 112/109-ன்னு ரெண்டா இருக்கும், ஒத்த வீலுக்கு மொத நம்பர், ரெட்டை வீலுக்கு ரெண்டாவது. சைஸ் ஒண்ணா இருக்குன்னு கார் டயர வாங்கி பிக்கப்புல மாட்டி ஐஸ் பொட்டியோட ஓட்டுறவங்கள பாத்திருக்கேன், வெயில் காலத்துல சிப்காட் ரோட்டுல வெடிச்சு நிக்கும், பாக்கவே மனசு பதறும். லோடு வண்டிக்கு லோடு டயர், இதுல சிக்கனம் பாக்காதீங்க தயவுசெஞ்சு.

மணல் பத்தி சொல்லணும். மணல்ல டயரவிட காத்துதான் முக்கியம். காலி வண்டின்னா 18, 20 பிஎஸ்ஐக்கு எறக்கிட்டா டயர் அகலமா பதிஞ்சு மேலயே மெதக்கும், எறக்காம போயி ஆக்சிலேட்டர மிதிச்சா எந்த டயரா இருந்தாலும் ஆக்சில் வரைக்கும் குழி தோண்டும். லோடோட இருந்தா அந்த அளவுக்கு எறக்கக் கூடாது, நாங்க கொஞ்சமா எறக்கி பலகை போட்டு ஏத்துவோம். எறக்கின காத்தோட வேகமாப் போயி ஸ்டியரிங்க வெடுக்குன்னு ஒடிச்சா டயர் ரிம்ம விட்டுக் கழண்டுக்கும். தார் ரோடு ஏறின ஒடனே மறுபடி காத்து பிடிக்கணும், அதுக்கு 12 வோல்ட் கம்ப்ரசர் ஒண்ணு சீட்டுக்கடியில இருக்கணும். இன்னொண்ணு, உப்புத்தண்ணி. டயர் மாத்துறப்ப ரிம்மோட வாய்ல துரு இருந்தா கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு பெயிண்ட் அடிச்சுட்டு மாட்டச் சொல்லுங்க, இல்லன்னா புது டயர்லயும் காத்து எறங்கிக்கிட்டே இருக்கும், பஞ்சர்னு தேடித் தேடி அலைவீங்க.

பாகூர் ஏரிக்கரை:

எனக்கு இதுல மாத்துக் கருத்து உண்டு. எங்க பக்கம் நஞ்சை, களிமண்ணு. செம்மண்ணுல ஏடி நிக்கும், சரி. அறுப்பு நேரத்துல ஒரு மழை பெஞ்சு வரப்போரம் வண்டிய எறக்கிப் பாருங்க, ஏடியோட நெருக்கமான பட்டனுக்குள்ள களி புகுந்து பூசிக்கும், அப்புறம் அது மொட்டை டயர்தான், ஃபோர் வீல் போட்டாலும் நாலும் சேர்ந்து சுத்தும். எம்டில பட்டனுக்கு நடுவுல எடம் இருக்குறதால சக்கரம் சுத்தச் சுத்த மண்ண வீசி எறிஞ்சுட்டு அடுத்த பிடி பிடிக்கும். என் பொலிரோ கேம்பர் ஃபோர் வீல் பிக்கப்புல எம்டிதான், நெல்லு மூட்டையோட களத்துல இருந்து வெளிய வந்துடும். நான் ஹைவே போறதே அபூர்வம், கிருமாம்பாக்கம், பாகூர், கடலூர் உழவர் சந்தை, அவ்வளவுதான். அதனால எம்டிய மொத்தமா வேணாம்னு சொல்லாதீங்க, யாரு எந்த மண்ணுல ஓட்டுறாங்கன்னு கேட்டுட்டுச் சொல்லணும். மழை ரோட்டுல எம்டி வழுக்கும்ங்கிறது உண்மை, அதுக்கு நான் வேகத்தக் கொறச்சுக்கிறேன்.

வில்லியனூர் கால்நடை மருத்துவர்:

அண்ணா, நான் ஹைலக்ஸ் ஓட்டுறேன், கிராமம் கிராமமா மாடு பாக்கப் போறது வேலை. 2024 நவம்பர் கடைசியில ஃபெங்கல் புயல் கரையக் கடந்துச்சே, அப்ப ரோடு எது வாய்க்கா எதுன்னு தெரியாம தண்ணி. சாத்தனூர் அணை தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் பக்கமெல்லாம் மூழ்கின நேரம், பால் மாடு கட்டுத்தறியிலயே நிக்குதுன்னு போன் வந்துக்கிட்டே இருந்துச்சு, போகாம இருக்க முடியல. தண்ணிக்கு அடியில ஒரு பள்ளம், முன் டயர் எறங்கி ஏறிச்சு, அப்ப ஒண்ணும் தெரியல, ரெண்டு நாள் கழிச்சு சைடு வால்ல எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைச்சு நின்னுச்சு. கடையில காட்டினா உள்ள நூல் அறுந்துடுச்சு, எப்ப வேணா வெடிக்கலாம்னாங்க, அங்கயே கழட்டிட்டேன். என்னோடது 18 இன்ச் ரிம், 265/60. ரிம் பெருசாகி சைடு வால் கொறஞ்சதுதான் காரணம்னு எனக்குப் படுது, பழைய 16 இன்ச் வண்டி வச்சிருந்தப்ப இதே ரோடுங்கள்ல இப்படி ஆனதில்ல. அடுத்த தடவை டயரோட ரிம்மையும் மாத்தலாமா? யாராவது மாத்தினவங்க இருந்தா சொல்லுங்க.

மேட்டுப்பாளையம் டயர்கடை:

பாண்டி மேட்டுப்பாளையத்துல லாரி, பிக்கப் டயர் வேலை பாக்குறேன், வயசு அறுபதாகப் போவுது. எல்லாரும் வாங்குறதப் பத்தியே பேசுறீங்க, வாங்கின டயர் சீக்கிரம் போறது எப்படின்னு நான் தினம் பாக்குறேன். ஃபோர் வீல் வண்டிக்கு ரெண்டு டயர் மட்டும் புதுசு போடச் சொல்லி வருவாங்க. முன்னாடி பின்னாடி விட்டம் வேறயா இருந்தா, காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்டுறப்ப கியர்பாக்ஸ் பக்கம் இறுக்கிக்கும், டயரும் தேயும், உள்ள சாமானும் போகும். முடிஞ்சா நாலும் ஒண்ணா மாத்துங்க, ஸ்டெப்னியையும் சுழற்சியில சேத்து அஞ்சு டயர் ரொட்டேஷன் பண்ணுங்க, அப்பதான் அஞ்சும் ஒரே அளவுல தேயும், ஸ்டெப்னி அடியில கெடந்து வீணாப் போகாது.

பட்டன் பள்ளத்துக்குள்ள சின்ன மேடு இருக்கும், அது 1.6 மிமீ, பட்டன் அதுக்குச் சமமாயிட்டா டயர் முடிஞ்சது. ஆனா நம்ம மழைக்கு அதுவரைக்கும் காத்திருக்காதீங்க தம்பிங்களா, 3 மிமீக்கு வந்தப்பவே மாத்திடுங்க, பள்ளம் கொறஞ்சா தண்ணி வெளியேற வழி இருக்காது. டயர் மாத்துறப்ப வால்வும் புதுசு போடுங்க, பத்தோ அம்பதோ மிச்சம் பிடிச்சு பழைய வால்வுல புது டயர் மாட்டுறது நியாயமே இல்ல. முள்ளு பஞ்சருக்கு வெளிய இருந்து ஸ்ட்ரிப் சொருகி விட்டா வழியில சமாளிக்கலாம், ஊருக்கு வந்ததும் டயரக் கழட்டி உள்பக்கம் மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போடச் சொல்லுங்க, கழட்டினாத்தான் உள்ள இன்னும் எத்தன முள்ளு நீட்டிக்கிட்டு இருக்குன்னு தெரியும், நான் ஒரே டயர்ல ஏழெட்டு எடுத்துப் போட்டிருக்கேன். நைட்ரஜன் கேக்குறாங்க, தப்பில்ல, ஆனா சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், காசு குடுத்து அத அடிச்சிட்டு மாசக்கணக்கா செக் பண்ணாம விடுறவங்களவிட ஓசிக் காத்த வாரா வாரம் பாக்குறவர் டயர்தான் நல்லா ஓடுது.

முந்திரிக்காடு:

பாகூர் அண்ணே, நீங்க சொல்றது நியாயம், களிமண்ணுக்கு எம்டிதான், நான் சொன்னது செம்மண்ணும் தாரும் கலந்து ஓட்டுறவங்களுக்கு. கடைக்கார ஐயா, அஞ்சு டயர் ரொட்டேஷன் நானும் பண்றேன், அதுக்காகத்தான் ஸ்டெப்னியும் அதே டயர் வாங்கினது.

டாக்டர் மேடம், உங்க கேள்விக்கு: ஹைலக்ஸ்ல கீழ் வேரியன்டுக்கு கம்பெனியே 17 இன்ச் ரிம்முல 265/65 R17 குடுக்குறாங்க. கணக்குப் பாத்தா 265/60 R18 விட்டம் 775 மிமீ, 265/65 R17 விட்டம் 776 மிமீ, ஸ்பீடோமீட்டர் மாறாது, ஆனா சைடு வால் ஒசரம் 159-ல இருந்து 172 மிமீக்கு வரும், பள்ளத்துல அடி வாங்க அந்த 13 மிமீ கூடுதல் ரப்பர் இருக்கும். கம்பெனி சைஸ்ங்கிறதால அளவு பத்தின குழப்பமும் கொறையும். ஆனா பிரேக் காலிபர் (டிஸ்கப் பிடிக்கிற பாகம்) உங்க மாடலுக்கு உரசாம இருக்கான்னு ஒரு 17 இன்ச் ரிம்ம சும்மா மாட்டிச் சுத்திப் பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க, ரிம் எவ்வளவு உள்ள வெளிய தள்ளி நிக்குதுங்கிற ஆஃப்செட்டும் கம்பெனி ரிம்முல இருக்குற அதே நம்பரா இருக்கணும். புடைச்ச டயர ஸ்டெப்னியா கூட வச்சுக்காதீங்க.