சென்சார் குழுவுக்கு முன்கூட்டியே ஏற்றிய சாவிகள் போதுமா?

கேள்வி: 10,000 சாவிகள் (செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்கள்) கொண்ட தொகுப்பிலிருந்து ஒவ்வொரு நோடிலும் (வயர்லெஸ் சென்சார் கருவியிலும்) 83 சாவிகளை ரேண்டமாக ஏற்றுகிறேன். இவற்றை வைத்தே ஐந்தைந்து நோடு கொண்ட குழுக்களை நடத்தலாமா?

பதில் 1: 83 சாவிக்கு, இரண்டு நோடுக்குள் பொதுச் சாவி அமையும் வாய்ப்பே பாதிக்குப் பாதிதான். ஐந்துக்கும் ஒரே சாவி அமைவது நடக்காத காரியம். அதைவிட மோசம்: 50 நோடு எதிரியிடம் சிக்கினால், சிக்காத நோடுகளின் இணைப்புகளிலும் ஏறக்குறைய 34% திறந்துவிடும். ஒரே சாவி பல நோடில் கிடப்பதால், பேசுவது யார் என்றும் உறுதி செய்ய முடியாது.

பதில் 2: புளுண்டோவின் பல்லுறுப்புக்கோவை முறையில் (ஒவ்வொரு நோடுக்கும் ஒரு பல்லுறுப்புக்கோவையின் பங்கைத் தந்து, மற்றவரின் அடையாள எண்ணை அதில் இட்டுச் சாவி கணக்கிடும் முறை) குழுச் சாவி நேரடியாகவே கிடைக்கும், ஆனால் மெமரி தாங்காது. 50 நோடு சிக்கினாலும் தாங்க வேண்டுமென்றால், இருவர் சாவிக்கு நோடுக்கு 51 குணகங்கள். 16 பைட் வீதம் 816 பைட். ஐவர் குழுவுக்கோ 3,16,251 குணகங்கள், 5 எம்பிக்கு மேல். மைக்கா2 என்ற சென்சார் நோடின் புரோகிராம் ஃபிளாஷ் (நிரல் வைக்கும் மெமரி) வெறும் 128 கேபி. 51-வது நோடு சிக்கினால் எல்லாச் சாவியும் போச்சு.

பதில் 3: உறுப்பினரை நீக்குவதையும் யோசியுங்கள். ஏற்றிய சாவி தானாக மாறாது. இருவர் சாவியை மட்டும் முன்பே ஏற்றி, குழுச் சாவியைத் தலைமை நோடு உருவாக்கி அனுப்பட்டும். ஒருவர் விலகினால் மீதி நால்வருக்கும் தனித்தனியாகப் புதுச் சாவி. ஆயிரம் பேர் குழுவென்றால்தான் சாவி மரம் (உறுப்பினர்களைக் கிளைகளாகப் பிரித்து, ஒருவர் விலகினால் சில சாவிகளை மட்டும் மாற்றும் அமைப்பு) தேவை.