ஆதியாகமத்தின் ஆறு நாட்கள்: 24 மணி நேரமா, உருவகமா?

எம்மாவு:
அடுத்த வேதபாட வகுப்பில் ஆதியாகமம் 1, அதாவது கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததைச் சொல்லும் பைபிளின் முதல் அதிகாரம். சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது. அதற்கு முந்திய மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி? உருவகம் என்றால், "அப்போ இயேசுவின் உயிர்த்தெழுதலும் உருவகம்தானே" என்று யாராவது மடக்குவார்கள். கோடு எங்கே போடுவது?

பெரோயா:
இது டார்வினுக்குப் பிறகு முளைத்த கேள்வி இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதிச் சபை அறிஞர் ஓரிகன், சூரியன் இல்லாத அந்த மூன்று நாட்களைக் காட்டி, இதை யார் அப்படியே நம்புவார் என்று கேட்டார். ஆதிச் சபை ஆயர் அகுஸ்தீன் 'நேரடிப் பொருளில்' என்று தலைப்பிட்டே ஆதியாகமத்துக்கு 12 புத்தகம் எழுதினார். அதிலேயே, எல்லாம் ஒரே நேரத்தில் படைக்கப்பட்டன, அந்த நாட்கள் நம் நாட்களைப் போன்றவை அல்ல என்கிறார்! இன்னொரு ஆதிச் சபை ஆயர் பசிலியாரோ, உருவகம் தேடாமல், புல் என்றால் புல்தான் என்றார்.

பலகையில் நாட்களை இரண்டு வரிசையாகப் போடுங்கள். 1 ஒளி, 4 சுடர்கள். 2 வானமும் நீரும், 5 பறவையும் மீனும். 3 நிலம், 6 விலங்கும் மனிதனும். முதலில் இடம், பிறகு குடியிருப்போர். ஏழாம் நாளுக்கு மட்டும் சாயங்காலமும் விடியற்காலமும் சொல்லப்படவில்லை என்பதையும் காட்டுங்கள்.

தர்சீஸ்:
யாத்திராகமம் 20:11-ஐ விட்டுவிட்டீர்களே. ஓய்வுநாள் கட்டளைக்குக் காரணமே ஆறு நாள் படைப்புதான். 24 மணி நேரம் என்பவர்களின் வலுவான வசனம் அது. வரிசை அழகாக அமைந்திருப்பதாலேயே அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

சீகார்:
உயிர்த்தெழுதலுக்கு வருவோம். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் கணக்கில், எழுதியவர் சொல்லவந்ததுதான் நேரடிப் பொருள். உருவகச் சொல்லும் அதற்குள் அடக்கம். "கர்த்தருடைய கரம்" என்றால் வல்லமை. ஆகவே ஒவ்வொரு பகுதியிலும் எழுதியவர் என்ன செய்கிறார் என்று தனித்தனியாகப் பாருங்கள். 1 கொரிந்தியர் 15-ல் பவுல் சாட்சிகளை அடுக்குகிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டோர், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு. உருவகத்துக்கு யாரும் சாட்சி கூப்பிடுவதில்லை. ஆதியாகமம் 1-ல் அப்படி ஒரு சாட்சிப் பட்டியல் கிடையாது.

ஞான அர்த்தம், அதாவது நேரடிப் பொருளுக்கு மேல் காணும் ஆன்மிகப் பொருள், தவறில்லை. கலாத்தியர் 4-ல் ஆபிரகாமின் பிள்ளைகளைப் பெற்ற ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளாகப் பவுலே வாசிக்கிறார். அதற்காக ஆகார் வாழவே இல்லை என்று சொல்லவில்லை. வரம்பு மீறினால்தான் கெடும். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்நியன் உதவும் நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல் என்று அகுஸ்தீன் விரித்தார். "எனக்குப் பிறன் யார்?" என்று கேட்டவனுக்கு இயேசு சொன்ன பதில் அதில் காணாமல்போகிறது. உபதேசத்தை நிறுவ நேரடிப் பொருளை மட்டும் பயன்படுத்து என்று அக்குவினாஸ் விதித்தது இதனால்தான் உதவுகிறது.

எம்மாவு:
சரி, 20:11-ஐ யாரும் கேட்கும்முன் நானே எடுத்துவிடுகிறேன்.