அமிர்தி முகாமில் எங்கள் சாரணியர் பிள்ளைகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

காட்பாடி கைடு டீச்சர்:

காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் பதினோரு வருடமாக கைடு (சாரணியர்) கேப்டனாக இருக்கிறேன். போன டிசம்பரில் 24 பிள்ளைகளோடு அமிர்தி அடிவாரத்தில் இரண்டு நாள் முகாம் போட்டோம். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனதில் கிடக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கைடாக இருந்தவர்கள், பிள்ளையை அனுப்பியவர்கள் எல்லாரும் கீழே எழுதுங்கள்.

எங்களிடம் மூன்று அணி: மல்லிகை, தாமரை, செம்பருத்தி. அணிக்கு எட்டுப் பேர், ஒரு தலைவி. மூன்று தலைவிகளும் உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு கோர்ட் ஆஃப் ஆனர் என்று பெயர். கேட்டால் மட்டும் நான் வாய் திறக்கலாம். எங்கே போவது, என்ன சமைப்பது, யாருக்கு எந்த வேலை என்று முடிவெடுப்பது அவர்கள். பஸ்ஸும் வனத்துறை அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் மட்டும் என் பொறுப்பு.

அந்தக் கூட்டத்தில் நான் எதிர்பார்க்காத பேச்சு ஒன்று வந்தது. மாதவிலக்கு நாளில் முகாமுக்கு வரும் பிள்ளையை அடுப்புப் பக்கம் விடலாமா என்று தாமரை அணித் தலைவி கேட்டாள். அவள் வீட்டில் விடமாட்டார்களாம். அரை மணி நேரம் பேசினார்கள். அவளுக்கு முடிந்தால் எந்த வேலையும் செய்யலாம், வலி இருந்தால் எந்த வேலையும் வேண்டாம் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கு அடியிலேயே பழைய செய்தித்தாள், சோப்பு, மூடி போட்ட குழி, ராத்திரிக்கு ஒரு விளக்கு. இந்தப் பட்டியலை நான் போட்டிருந்தால் அந்த விளக்கை மறந்திருப்பேன்.

சமையலுக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போகலாம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளை வீட்டு நிலத்திலிருந்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் வந்தது, ஜவ்வாது மலைச் சாமை ஒருத்தி வாங்கி வந்தாள். காம்பு முள் குத்தக் குத்த நறுக்கி, சாமைச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார்கள். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

இரண்டாம் நாள் அருவிக்குப் போய்த் திரும்பும்போது பாசிப் பாறையில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். ஏழாம் வகுப்புப் பிள்ளை. கணுக்கால் உடனே வீங்கிவிட்டது. நான் ஓடப் பார்த்தேன். செம்பருத்தி அணித் தலைவி, ஒன்பதாம் வகுப்பு, "மிஸ், நீங்க அவ தலைமாட்டுல உட்காருங்க, பேச்சு கொடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றாள். ஓடைத் தண்ணீரில் துணி நனைத்துப் போட்டார்கள். முக்கோணக் கட்டுத்துணியை மடித்து, எட்டுப் போட்டுச் சுற்றினார்கள். அப்புறம் போர்வையை விரித்து, மூன்றில் ஒரு பங்கில் ஒரு கழியை வைத்து மடித்து, மேலே இன்னொரு கழியை வைத்து மறுபடி மடித்தார்கள். முடிச்சே தேவையில்லை, படுப்பவரின் கனமே போர்வையைப் பிடித்துக்கொள்ளும்.

அடிபட்டவளை உடனே அதில் ஏற்றவில்லை. அணியிலேயே கனமான பிள்ளையைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். போர்வை தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் இவளை ஏற்றினார்கள். அதை நான் வகுப்பில் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தேன், ஒன்றரை வருடத்துக்கு முன்னால். நாலு பேர் தூக்க, நாலு பேர் முன்னால் போய்க் கல்லும் முள்ளும் பார்த்துச் சொல்ல, வழியில் மூன்று முறை ஆள் மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்தது. அந்த வழி முழுக்க என் வாயை அடக்கியதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

முதல் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1909ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். அங்கே யாரும் கூப்பிடாமலே சில பெண்பிள்ளைகள் போய் நின்று எங்களுக்கும் இது வேண்டும் என்றார்கள். மறுவருடம் கைடு இயக்கம் வந்தது, 1911ல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் கைடு படை. பிள்ளைகளே கேட்டு வாங்கிய இயக்கம் இது. அதில் போய் நாம் எப்படி எல்லாவற்றையும் நடத்திக் கொடுப்பது?

---

பழைய கைடு, சத்துவாச்சாரி:

டீச்சர், படித்ததும் கண் கலங்கிவிட்டது. நான் 1984ல் கைடு. அப்போது வட ஆற்காடு ஒரே மாவட்டம், திருவண்ணாமலையும் அதற்குள்தான். எங்கள் கேப்டன் ஒரு சனிக்கிழமை எங்களை வேலூர்க் கோட்டை அகழிக் கரைக்குக் கூட்டிப்போய், இதன் அகலம் எவ்வளவு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி, போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். டேப் கிடையாது.

எதிர்க்கரை மதிலில் ஒரு கல்லைக் குறி வைத்தோம். அதற்கு நேர் எதிரே நின்று, கரையோடு 20 எட்டு நடந்து ஒரு கழி நட்டோம். இன்னும் 20 எட்டு நடந்து, தண்ணீருக்கு முதுகு காட்டித் திரும்பி நேராக உள்ளே நடந்தோம். கழியும் அந்தக் கல்லும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். திரும்பிய இடத்திலிருந்து அதுவரை நடந்த தூரம்தான் அகழியின் அகலம். கணக்கு வகுப்பில் முக்கோணம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அன்றைக்குத்தான் அது எதற்கு என்று புரிந்தது. மூன்று முறை அளந்தோம், மூன்று விடை வந்தது. மறுபடி அளக்கச் சொன்னார். இருட்டும்போதுதான் வீட்டுக்குப் போனோம். அப்பாவிடம் திட்டு வாங்கினேன். இப்போது பேத்திக்கு அதே இடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன்.

---

குடியாத்தம் ரேஞ்சர் (கைடு இயக்கத்தின் மூத்த பெண்கள் பிரிவு):

2021 நவம்பர் வெள்ளம். மோர்தானா அணை நிரம்பி கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் வந்து, கரையோர வீடுகளில் இருந்தவர்களை மண்டபங்களில் தங்கவைத்தார்கள். நாங்கள் ஆறு பேர் போனோம். சோறு பரிமாற ஆள் நிறைய இருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, எங்களில் சின்னவள் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தாள். அவர் சர்க்கரை மாத்திரை வீட்டோடு போய்விட்டது, இரண்டு நாளாகப் போடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. உடனே நோட்டை எடுத்துக்கொண்டு பாய் பாயாகப் போனோம். பெயர், வயது, என்ன மாத்திரை, எத்தனை நாளாக இல்லை. மாத்திரைப் பெயர் தெரியாதவர்களிடம் நிறத்தையும் எந்த வியாதிக்கு என்பதையும் கேட்டு எழுதினோம். சாயந்தரம் வந்த நர்ஸ் அக்கா அந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு அதன்படியே வேலை பார்த்தார். அதற்கு முன் சேவை என்றால் எனக்கு ரோடு பெருக்குவது, கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பது, அவ்வளவுதான்.

---

கணியம்பாடி அம்மா:

எங்கள் ஊர்ப் பக்கம் நாகநதி வறண்டு கிடந்தபோது நூறு நாள் வேலைப் பெண்கள்தான் குழி தோண்டி, சிமென்ட் உறை இறக்கி, மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழி பண்ணினோம். நானும் போயிருக்கிறேன். போன வருடம் ஒரு கைடு படை வந்து அந்த உறைகிணறுகளின் வாயில் அடைத்திருந்த பிளாஸ்டிக்கையும் சருகையும் எடுத்தார்கள். ஒரு பிள்ளை என் கையைப் பிடித்துப் பார்த்து, ஆன்ட்டி நீங்களே இறக்கினீங்களா என்று கேட்டது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

---

ஒரு அப்பா, ராணிப்பேட்டை:

என் மகள் ஏழாவது படிக்கிறாள். கைடில் சேர வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்கிறாள். என் அக்கா அமெரிக்காவில் இருக்கிறார், அவர் மகள் அங்கே பெண்பிள்ளைகள் மட்டும் உள்ள ஸ்கவுட்ஸ் பி.எஸ்.ஏ. படையில் இருக்கிறாள். 2019 பிப்ரவரியில்தான் அங்கே அந்தச் சாரணர் படையைப் பெண்பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார்களாம். அவள் மலை ஏறும் படங்களைக் காட்டி இவள் சண்டை போடுகிறாள். ராத்திரி வெளியே தங்குவதுதான் எனக்கு இடிக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள் டீச்சர், பயமாக இருக்கிறது.

---

காட்பாடி கைடு டீச்சர்:

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை சார். என் மகளை முதல் முகாமுக்கு அனுப்பியபோது எனக்கும் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. எங்கள் முகாமில் பெரியவர்கள் நான்கு பெண்கள் கூடவே இருந்தோம், ராத்திரியில் இரண்டிரண்டு பேராக முறை வைத்து விழித்திருந்தோம். கழிப்பிடத்துக்கு எந்தப் பிள்ளையும் துணையில்லாமல் போகக் கூடாது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேட்கும்போது இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள், சரியான பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள்.

முகாம் அப்புறம் இருக்கட்டும். சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு நாள் மகளோடு போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எங்கள் மைதானத்துக்கு வந்தாலும் சரி. கால் சுளுக்கியவள் இப்போது நொண்டாமல் ஓடுகிறாள், போர்வைக் கட்டில் கட்டுவதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். உங்கள் மகளைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.