நானோ யூரியா: ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்கு ஈடாகுமா?

ஏரிக்கரை, வடுவூர்:
வணக்கம். சம்பா, சி.ஆர். 1009 நெல் ரகம், நட்டு 28 நாள். மேலுரத்துக்கு 2 மூட்டை யூரியா வாங்கப் போனேன். இலையில் தெளிக்கிற திரவ உரம், நானோ யூரியா, அதுவும் 2 பாட்டில் எடுத்தால்தான் மூட்டை தருவேன்னுட்டார் கடைக்காரர். மூட்டை 266 ரூபாய் 50 காசு, பாட்டில் 225. அரை லிட்டர் பாட்டிலே 45 கிலோ மூட்டைக்குச் சமமாம். அப்பா பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்துட்டு, "மூட்டை சுமந்த முதுகுடா இது, என்கிட்டேயேவா"ங்கறார். மூட்டையை அடுத்த போகத்துக்கு வச்சுட்டு இதை மட்டும் அடிச்சா போதுமா? அடிச்சவங்க சொல்லுங்க.

பழைய கணக்கு:
தம்பி, லேபிளைப் பாருங்க. 2021-ல் வந்த சரக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) 4 சதவீதம். அரை லிட்டரில் 20 கிராம். மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோ 700 கிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம்! பின்னால் 20 சதவீதம்னு ஒரு சரக்கு வந்துச்சு. அதுவும் பாட்டிலுக்கு 100 கிராம்தான். ஒரு டன் நெல் விளைய பயிர் 15 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து எடுக்கும். 20 கிராமும் சிந்தாமல் உள்ளே போனாலும் ஒன்றரைக் கிலோ நெல்லுக்குக்கூடக் காணாது.

உரக்கடை:
விற்கிறவன் பக்கமும் கேளுங்க. வயல்ல வீசுற யூரியாவில் பாதிக்கு மேல பயிருக்குச் சேர்றதில்லை. ஆவியாப் போகுது, தண்ணியோட இறங்குது, மிச்சம் காத்தைக் கெடுக்குது. நானோ துகள் 20 முதல் 50 நானோமீட்டர், இலைத்துளை வழியா நேரா உள்ளே போகும்னுதான் எங்களுக்குப் பயிற்சியில சொன்னாங்க. அடியுரத்தை நிறுத்தச் சொல்லலை, மேலுரத்துக்கு மட்டும்தான். பாட்டிலைக் கட்டாயமாத் தலையில கட்டுறது தப்பு, அதை ஒத்துக்கறேன்.

பழைய கணக்கு:
வீணாவது நிஜம், அதை யாரும் மறுக்கலை. ஆனால் பாதி வீணானாலும் மூட்டையில் 10 கிலோ மிஞ்சுதே. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் 2 வருஷம் வயலில் போட்டுப் பார்த்தது. யூரியாவைப் பாதியாக்கி நானோ தெளிச்சதில் நெல் 13 சதவீதம், கோதுமை 21.6 சதவீதம் குறைஞ்சுது. தானியத்தில் புரதமும் குறைவு.

நானும் போன தாளடிப் பட்டத்தில் 2 மாவுக்கு (ஒரு மா ஏக்கரில் மூணில் ஒரு பங்கு) மேலுரமா இதை மட்டும் அடிச்சேன். டேங்குக்கு 64 மில்லி. நாலாம் நாள் லேசாப் பச்சை கட்டினாப்புல இருந்துச்சு, ஒரு வாரத்தில் அடி இலை வெளுத்துப் போச்சு. பக்கத்து வயலில் மாவுக்கு 12 மூட்டை நெல், இதில் 9.

இலை வழியாத்தான் கொடுக்கணும்னா சாதா யூரியாவையே 2 சதவீதமா, லிட்டருக்கு 20 கிராம் கரைச்சு சாயந்திரமா அடிங்க. ஏக்கருக்கு 125 லிட்டர் தண்ணி, இரண்டரைக் கிலோ யூரியா. 15 ரூபாய் செலவு. 4 சதவீத பாட்டிலைப்போல 50 மடங்குக்கு மேல தழைச்சத்து. மூட்டையை மிச்சம் பிடிக்கணும்னா இலையோட பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டை வாங்குங்க. இலை வெளுத்தால் மட்டும் போடுங்க.

ஏரிக்கரை, வடுவூர்:
நன்றிண்ணே. நேத்து சாயந்திரம் தண்ணியை வடிச்சுட்டு மேலுரம் வீசியாச்சு, மூட்டையிலிருந்துதான். ரெண்டு பாட்டிலும் மாட்டுக்கொட்டகைப் பரண்ல இருக்கு. "உன் 450 ரூபாய் பத்திரமா இருக்கா"ன்னு அப்பா தினம் ஒரு தரம் கேக்கறார். உரக்கடை அண்ணே, நீங்க திருப்பி எடுத்துக்குவீங்களா?